ரத்தான ரயிலில் வந்தவள்

1.

இந்தக் கதை என் அலமாரியில் கிடந்த ஒரு துண்டுச் சீட்டிலிருந்து பிறந்தது: 'ரயில் தாமதம். பயணி மேல் குற்றமில்லை.' அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் புறநகரில் வேலைக்குப் போகிறவர்கள் முதலாளியிடம் நீட்டும் சீட்டு. (அலமாரி என்பது பொய். பழைய கோட்டுப் பையில்தான் கிடந்தது. கோட்டு என்றால் துப்பறியும் கதை என்று நினைத்துவிடுவீர்கள்.)

2.

'ஆங்கிலேயர் தண்டவாளம் போட்டார்கள், அரசு வாங்கியது, தொண்ணூறுகளில் அதே அரசு தனியாரிடம்...' எனக்கே கொட்டாவி வந்தது. சுருக்கமாகச் சொல்கிறேன். அரசு ஓட்டியபோது ரயில் பிந்தி வந்தது. கம்பெனி வந்தபின் எந்த ரயிலும் பிந்தியதில்லை. தாமதத்துக்குத்தான் அபராதம், ரத்துக்கு இல்லை. ஆகவே பிந்துகிற ரயிலை, ஓடிக்கொண்டிருக்கும்போதே ரத்து செய்துவிடுவார்கள். (கம்பெனி என் கற்பனை. பெயர்கூட வைக்கவில்லை.)

3.

ஏழு இருபது ரயிலில் ஏறுங்கள். தையல் பட்டறைக்குப் போகும் டெல்ஃபினாவின் பக்கத்தில் இடமிருக்கிறது. இந்த மாதம் இரண்டு முறை பிந்திவிட்டாள். மூன்றாம் முறையும் சீட்டில்லாமல் போனால் அவள் மெஷினில் வேறொருத்தி உட்காருவாள். நடுவழியில் ரயில் அரை மணி நேரம் நின்றது. இந்த ரயில் ரத்து செய்யப்பட்டது என்று ஒலிபெருக்கி அறிவித்தது. பிறகு ரயில் கிளம்பியது.

இறங்கியதும் தாமதச் சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்கு ஓடினாள். உள்ளே அனீபல், அரசு காலத்து குமாஸ்தா, மாத்தே மூலிகைத் தேநீரைக் குழலில் உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"அது ரத்தாயிடுச்சும்மா."

"அதுலதாண்ணே வந்தேன்."

"ரத்தான ரயில்ல யாரும் வர முடியாது."

"அப்ப நான் எங்க இருக்கேன்?"

அனீபல் நிஜமாகவே பட்டியலைப் பார்த்தான். "ஏறின ஸ்டேஷன்லயே நிக்கிற."

(அவனைக் கல்நெஞ்சக்காரனாகத்தான் முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். ரயில் பிந்தியதாகச் சீட்டில் கையெழுத்துப் போட்டால் அவன் வேலை போய்விடும், பாவம்.)

4.

முடிவு ஒன்று: அவன் கையெழுத்திடுகிறான், வீட்டுக்கு அனுப்பப்படுகிறான். முடிவு இரண்டு: அவள் அழுதுகொண்டே... வேண்டாம், எனக்கு மனசு வரவில்லை.

அனீபல் அடி டிராயரைக் குடைந்தான். அரசு காலத்துப் படிவம் ஒன்று கிடைத்தது. அதை ரத்து செய்ய எல்லோரும் மறந்திருந்தார்கள். பட்டறைக்காரர்கள் இன்றும் ஏற்றுக்கொள்வார்கள். கூட வந்த பயணி சாட்சி போட்டால் போதும், குமாஸ்தா கையெழுத்தே வேண்டாம்.

டெல்ஃபினா திரும்பிப் பார்த்தாள். கூட வந்தவர்கள் சீட்டு கிடைக்குமென்று நம்பாமல் எப்போதோ ஓடிவிட்டார்கள். நடைமேடை காலி.

"ஒருத்தர்கூடவா இல்ல?" என்றாள்.

நான் போட முடியாது. நான் வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். நீங்கள்தான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தீர்கள்.

சாட்சி: ....................