ஆறிலிருந்து ஏழு வரை

அன்புச்செல்வன் குடியை விட்டு நாற்பத்தாறு நாள் ஆகியிருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் அவனுக்குக் கை நடுங்க ஆரம்பிக்கும். அதனால் திண்டிவனத்துச் சபையில் நாலு பேர், நாலிலிருந்து எட்டு வரை ஆளுக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு போனில் அவனைக் கூப்பிட்டு ஜெபிப்பது என்று பாஸ்டர் ஏற்பாடு செய்திருந்தார். சனி, ஞாயிறுகளில் ஆறிலிருந்து ஏழு வரை ராயப்பனுடைய முறை. மற்ற நாள்களில் அவர் வேலை பார்க்கும் ரைஸ் மில்லில் அந்த நேரத்துக்கு மிஷின் நிற்காது.

முதல் இரண்டு வாரம் ராயப்பன் முழங்காலில் நின்றுதான் ஜெபித்தார். பிறகு கிரிக்கெட் சீசன் தொடங்கியது. சனி, ஞாயிறுகளில் மூன்றரைக்கு ஆரம்பிக்கும் ஆட்டம் ஆறு மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டு, ஒரு கண்ணை அதன்மேல் வைத்துக்கொண்டே ஜெபிக்கலாம் என்று கண்டுகொண்டார். வாய் பழகிய வார்த்தைகள் தாமாகவே வந்துகொண்டிருந்தன. ஒருமுறை விக்கெட் விழுந்தபோது பாதி வாக்கியத்தில் வாய் நின்றுவிட்டது.

"அண்ணே, லைன்ல இருக்கீங்களா?" என்றான் அன்புச்செல்வன்.

"இருக்கேன்பா. மனசுக்குள்ள ஜெபிச்சிக்கினு இருந்தேன்."

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அவர் மனைவி பூமாலை, அவர் போனை வைக்கும்வரை காத்திருந்தாள். "மேட்ச் பாக்கறத நான் தப்புன்னு சொல்லலங்க. நானும்தான் சீரியல் பாக்கறேன். அந்தப் புள்ளகிட்ட பொய் சொன்னீங்க பாருங்க, அதான் எனக்குப் பொறுக்கல."

ராயப்பன் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

அடுத்த சனிக்கிழமை அன்புச்செல்வன் அதிகம் பேசவில்லை. ஆமென் சொன்ன பிறகும் போனை வைக்காமல் இருந்தான். "நாளைக்கு நேர்ல வர்றீங்களாண்ணே? போன்ல வேணாம். சும்மா வந்து உக்காந்தா போதும்."

"வர்றேன்பா" என்றார் ராயப்பன். சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னார்.

மறுநாள் ஆராதனையில் அப்பம் வைத்த திருவிருந்துத் தட்டு வரிசையாக வந்தது. அன்புச்செல்வன் அதைத் தொடாமல் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டான். அவன் பார்வை தரையிலேயே இருந்தது. இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்த ராயப்பன் அதைப் பார்த்தார். மனசில் குற்றம் உள்ளவர்கள்தான் அப்படித் தொடாமல் விடுவார்கள். சாயங்காலம் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

ஐந்தரைக்குச் சட்டை மாட்டினார். அவன் வீடு இருக்கும் கிளியனூருக்குப் புதுச்சேரி ரோட்டில் அரை மணி நேரம். டிவியில் ஆட்டம் இழுபறியாக இருந்தது. இந்த ஓவர் முடியட்டும் என்று கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். ஆறு பத்துக்குப் போன் அடித்தது. பெயரைப் பார்த்தார். இன்னும் ஆறே ஓவர். போனைத் தலையணைக்கடியில் செருகினார். அது மறுபடி அடித்தது, நின்றது, மூன்றாம் முறையும் அடித்தது. பூமாலை தைக்கக் கொடுத்த துணியை வாங்கப் போயிருந்தாள். போனை எடுங்கள் என்று சொல்ல வீட்டில் ஆளில்லை.

கடைசிப் பந்தில் அவருடைய அணி ஜெயித்தது. அவர் கை தட்டினார். வெறும் வீட்டில் அந்தச் சத்தம் அவருக்கே என்னவோ போலிருந்தது. தலையணையைத் தூக்கிப் போனை எடுத்து அன்புச்செல்வனைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இரண்டு நிமிஷத்தில் அவன் மனைவி பானுப்ரியா கூப்பிட்டாள்.

"அண்ணே, நீங்க வரலன்னு அவரு பாப்பாவ வண்டில வச்சிக்கினு உங்க வீட்டுக்குத்தான் கெளம்புனாரு. வந்தாராண்ணே?"

ராயப்பன் சாவியைத் தேடி எடுத்தார். "நான் போய்ப் பாக்கறேம்மா."

வண்டியை எடுத்துக்கொண்டு புதுச்சேரி ரோட்டில் விரட்டினார். இருட்டத் தொடங்கியிருந்தது. எதிரே வந்த ஒவ்வொரு ஹெட்லைட்டையும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஆண்டவரே என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. ஒயின் ஷாப் வாசலில் நிறுத்தி விசாரித்தார். சின்னப் பொண்ணோடு ஒருத்தர் வந்ததாகவும், அந்தப் பெண் வெளியே வண்டிமேல் உட்கார்ந்திருந்ததாகவும் கடலை விற்பவர் சொன்னார். "இப்பதான் கெளம்புனாரு. ஓட்ற நெலமைல இல்ல."

அங்கிருந்து இரண்டு கிலோமீட்டரில் கூட்டம் நின்றது. வண்டி ரோட்டோர மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே, கவிழ்ந்து கிடந்தது. அவன் மகள், ஏழு வயது கலைப்பிரியா, மண்ணில் உட்கார்ந்து, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். வலது கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. அவள் அழவில்லை. அதுதான் ராயப்பனைப் பயமுறுத்தியது.

"அப்பா வழியில வண்டிய நிறுத்தி உங்களுக்குப் போன் பண்ணாரு பெரியப்பா. நீங்க எடுக்கல. கொஞ்ச நேரம் நின்னாரு. அப்புறம் அந்தக் கடைக்குப் போயிட்டாரு."

நெற்றியில் ரத்தத்தோடு சற்றுத் தள்ளி நின்ற அன்புச்செல்வன் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

திண்டிவனத்தில் கட்டுப் போட்டு விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி வராண்டாவில் பானுப்ரியா கேட்டாள்: "போன எடுக்கலயாண்ணே?"

"சைலண்ட்ல இருந்துச்சும்மா."

அவள் நம்பினாள். ராயப்பன் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினார். திரும்பத் திரும்பக் கழுவினார்.

மறுநாள் காலை அன்புச்செல்வன் தெளிந்திருந்தான். பெண்ணுக்கு ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. பெஞ்சில் ராயப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"பானு சொன்னா, சைலண்ட்ல இருந்துச்சுன்னு."

ராயப்பன் தலை குனிந்தார். "இல்லப்பா. மேட்ச் பாத்துக்கினு இருந்தேன்."

"தெரியும்ணே. ரெண்டு வாரமாவே தெரியும். எங்க தெருவுல பசங்க மேட்ச் பாத்துக் கத்துவாங்க, அதே நேரம் நீங்க போன்ல மூச்சப் புடிப்பீங்க." அவன் உள்ளங்கைகளைத் தொடையில் தேய்த்தான். "குடியோட சேத்து மேட்ச்சையும் விட்டுடுன்னு பாஸ்டர் சொன்னாரு. விட்டுட்டேன். சாயங்காலம் ஆனா செய்யறதுக்கு ஒண்ணுமே இல்ல. வாடான்னு நீங்க ஒரு வார்த்த கூப்ட்டிருந்தா, வந்து உங்க பக்கத்துல உக்காந்து பாத்திருப்பேன். முடிஞ்சதும் ரெண்டு பேரும் முட்டி போட்டிருக்கலாம்."

ஆபரேஷன் அறைக் கதவைப் பார்த்தபடி சொன்னான்: "நீங்க எடுத்திருந்தாலும் நான் கடைக்குப் போயிருப்பனோ என்னவோ. அத இனிமே யாருக்குண்ணே தெரியும்?"

கலைப்பிரியாவின் கை இனி முழுதாக நீளாது என்று டாக்டர் சொன்னார்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் ராயப்பன் எழுந்து நடந்ததைச் சொன்னார். ஆட்டத்தையும் பொய்யையும் சொன்னார். டிவியை விற்றுவிடப் போகிறீர்களா என்று யாரோ கேட்டார்கள். "போன எடுக்காதது டிவி இல்லீங்க, நான்தான்" என்றார். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. அன்புச்செல்வன் சபைக்கு வரவில்லை.

அதன் பிறகு சனி, ஞாயிறுகளில் ராயப்பன் கிளியனூருக்குப் போய்விடுகிறார். அன்புச்செல்வன் இருக்கும் நாள்களில் பானுப்ரியாவின் போனில் எல்லோரும் ஆட்டம் பார்க்கிறார்கள், அவன் கலைப்பிரியாவுக்கு எல்.பி.டபிள்யூ என்றால் என்னவென்று விளக்குகிறான், முடிந்ததும் ஜெபிக்கிறார்கள். அவன் மறுபடி கடைக்குப் போய்விட்டு வீட்டில் இல்லாத நாள்களும் உண்டு. அந்த நாள்களில் ராயப்பன் வாசலில் பாய் விரித்து உட்காருகிறார். கலைப்பிரியா மடங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காருகிறாள்.

சென்ற ஞாயிறு அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். "அப்பா எங்க பெரியப்பா?" என்றாள்.

"வருவாரும்மா."

ஏழு அடித்தது. ரோட்டில் வண்டிகள் வந்துகொண்டிருந்தன. எதுவும் அந்த வாசல் பக்கம் திரும்பவில்லை. ராயப்பன் எழுந்து போகவில்லை.