இரண்டு செக்கன் மையத்து

1

இந்தக் கதை ஒரு விதியைப் படித்த எரிச்சலில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நியாயமாக எழுதும் நோக்கம் எனக்கில்லை. 2010இல் கொழும்பில் நடந்த கணினி விளையாட்டுப் போட்டி* ஒன்றின் ஏழாம் விதி: "இறந்த உடல் இரண்டு செக்கனுக்கு மேல் தரையில் கிடக்கக் கூடாது." கோரமான வன்முறையைத் தடுக்கவாம்.

(* போட்டி கற்பனை. கோபம் கற்பனையல்ல.)

2

முதல் தொடக்கம்: "கல்முனைக் கரையில் ஒரு பிணம்..."

வெட்டிவிட்டேன். என் கதாநாயகி நுஸ்ஹா சண்டைக்கு வந்துவிட்டாள்.

"பிணமெண்டு எழுதாதீங்க. அது மையத்து. குளிப்பாட்டணும், கபன் துணியிடணும், தொழுது அடக்கணும். பிணத்துக்கு ஆரு இதெல்லாம் செய்யிற?"

சரி, தாயே.

இரண்டாம் தொடக்கம்: நுஸ்ஹாவுக்கு இருபத்திரண்டு வயது. சுனாமி அவளுடைய உம்மாவைக் கொண்டுபோனபோது பதினாறு. மையத்துக் கிடைக்கவேயில்லை. அவள் செய்த கணினி விளையாட்டில் சுடத் துவக்கு இல்லை, எதிரி இல்லை. கடல் வடிந்த கரையில் மையத்துகள் கிடக்கும். தேடிப் போய், முகம் துடைத்து, துணி போர்த்தி, தூக்கிச் சென்று அடக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் பச்சைச் சாரி கட்டிய ஒருத்தி கிடப்பாள். அது உம்மா.

3

போட்டிக்கு அனுப்பும் முன் நுஸ்ஹா ஏழாம் விதியை வாசித்துக் காட்டியதும் அவளுடைய வாப்பா ஷரிபுதீன் உருகிப்போனார்.

"அல்ஹம்துலில்லாஹ்! கொழும்பாக்களுக்கும் விளங்கியிருக்கு மகள். மையத்தப் போட்டு வெச்சிக்கிட்டு இரிக்கப்படா. சுறுக்கா எடுத்து அடக்கணும்."

அவளும் அப்படியே நம்பினாள். (இங்கே 'பாவம், இருவரும்' என்று எழுத வந்து... வேண்டாம்.) இரண்டு செக்கனுக்குள் தூக்கும்படி திருத்தி அனுப்பினாள்.

4

நடுவர் தொலைபேசியில் பேசினார்.

"தங்கச்சி, இது கோரம். தூக்கிறது, துடைக்கிறது ஒண்டும் வேணாம். மற்றாக்கள்ட விளையாட்டப் பாருங்க. சுட்டா விழுவான், இரண்டு செக்கன்ல காணாமப் போயிருவான். நீங்களும் காணாமப் போக வைங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்தாட்டி நீக்கிருவம்."

இந்த இடத்தில் பேனையை எறிந்துவிட்டேன். சுடலாமாம்! ஆயிரம் பேரைச் சுட்டுப் பரிசும் வாங்கலாமாம்! செத்தவரின் முகத்தைத் துடைத்தால்தான் வன்முறையாம்! யுத்தம் முடிந்து ஒரு வருடம். தம்பிலுவில் ஊர்த் தாய்மார் காணாமல் போன பிள்ளைகளின் படத்தை வைத்துக்கொண்டு அரசாங்கக் கச்சேரி கச்சேரியாக அலைகிறார்கள். இந்த நாட்டில் ஆளைக் காணாமல் போக வைப்பதற்கு விதி வேறு வேண்டுமா?

5

முடிவு அ: நுஸ்ஹா மாற்றி அனுப்பி, வென்று... (எழுத மனம் வரவில்லை.)

முடிவு ஆ: நடுவர் மனம் திருந்தி... (சும்மா போங்கள்.)

வெள்ளிக்கிழமை. நுஸ்ஹா கணினி முன்னால் இருக்கிறாள்.

"ஒருக்காக் காணாமப் போனவ எங்கட உம்மா. இன்னொருக்கா என்ட கையால..."

முடிக்காமல் எழுந்து போய்விட்டாள். எனக்கும் அவளை இழுத்துவந்து இருத்தும் துணிவு இல்லை.

மவுஸ் உங்கள் பக்கம் இருக்கிறது, வாசகரே. கரையில் பச்சைச் சாரி தெரிகிறது. விதிப்படி உங்களுக்கு இரண்டு செக்கன்.

என்ன பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள்? தூக்குங்கள்!