ஓநாய் கடித்தது செல்லுமா?

1

இந்தக் கதை என்னுடையதல்ல. தக்கலையிலிருந்து நாகர்கோவில் போகும் பேருந்தில் ஆதிரா சொன்னது. கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறாள். "எழுதுங்க சார். ஆனா என்னை நல்லவளா ஆக்கிராதீங்க," என்றாள். ஒப்புக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: 'மேசைமேல் பகடை உருண்டது. மூன்று பேரின் மூச்சும்...'

(வேண்டாம். கதைகளில் பகடை உருண்டாலே எல்லோருக்கும் மூச்சு நின்றுவிடுகிறது.)

இரண்டாவது: பத்மநாபபுரத்தில் ஆதிரா வீட்டு மாடியில், நாலு வருடமாக ஞாயிறு மதியங்களில் மூன்று நண்பர்கள் ஓர் ஆட்டம் ஆடினார்கள். ஆளுக்கொரு கற்பனை வீரனாகப் பேசி, பகடை உருட்டிச் சண்டை போடும் ஆட்டம். கடலோர ஊரான இனயத்துக்காரன் எட்சன் காட்டு மந்திரவாதி. பூதப்பாண்டிக்காரன் பகவதியப்பன் வாள்வீரன். கதையை நடத்துவதும் தீர்ப்புச் சொல்வதும் ஆதிரா.

இதுவே இருக்கட்டும்.

3

அது எட்சனின் கடைசி ஞாயிறு. செவ்வாய்க்கிழமை கத்தாருக்கு விமானம். ஆட்டத்தில் எதிரே நின்றவன் கல்லரக்கன். மந்திர அடி மட்டுமே அவன்மேல் படும். எட்சன் மந்திரத்தால் ஓர் ஓநாயை வரவழைத்துக் கடிக்கவிட்டான்.

"கடி ஏறல்ல," என்றாள் ஆதிரா.

"மந்திரம் போட்டுல்லா வரவச்சேன்?"

"வந்தது மந்திரத்தால. பல்லு அதுக்க பல்லு."

"மந்திரம் இல்லேன்னா அந்தப் பல்லே இங்க வந்திருக்காதே, ஏட்டி!"

பகவதியப்பன் குறுக்கே வந்தான். "போன வருசம் நான் வரவச்ச பருந்துக்கும் இதத்தான சொன்னே? இந்த வாள்வீரனுக்கு முந்தி நான் ஆடுன ஆளு அதுலதான் செத்தான். இவனுக்கு மட்டும் மாத்துவியா?"

(இவனைப் பொறாமைக்காரனாக எழுதியிருந்தேன். ஆதிரா படித்துவிட்டு, "அவன் சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டான் சார்," என்றாள். திருத்திவிட்டேன். எனக்கு அவன்மேல் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை.)

ஆதிரா மாற்றவில்லை. கல்லரக்கனின் அடுத்த அடியில் எட்சனின் மந்திரவாதி செத்தான். நாலு வருடம் படிப்படியாக வளர்த்த ஆள். எட்சன் பகடைகளைப் பொறுக்கிப் பையில் போட்டான்.

"உனக்கு நான் பெருசா, சட்டம் பெருசா?"

"எட்சா, இது ஆட்டம்லே."

"ஆமா. ஆட்டம்."

படியிறங்கிப் போனான். செவ்வாயன்று யாரிடமும் விடைபெறாமல் விமானம் ஏறினான்.

4

கதைக்குள் நான் அழைத்து வந்தவர்களின் கோபம் என்னுடையதா, அவர்களுடையதா என்று இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஆதிரா விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். காட்டு மந்திரவாதிக்கான பக்கத்தின் அடியில் ஒரு வரி இருந்தது: ஆறாம் படி தாண்டியவன் வரவழைக்கும் விலங்குகளின் கடியும் மந்திர அடிதான். எட்சனின் மந்திரவாதி ஏழாம் படியில் இருந்தான். பகவதியப்பனின் பழைய ஆள் வேறு வகை, அந்த வரி அவனுக்குப் பொருந்தாது. பருந்துக்கு அவள் சொன்னது சரி. ஓநாய்க்குச் சொன்னது தப்பு. அந்த வரியை எட்சனும் படித்திருக்கவில்லை.

5

முடிவு அ: பக்கத்தைப் படமெடுத்து அனுப்புகிறாள். அவன் சிரிக்கிறான். (அவ்வளவு எளிதா?)

முடிவு ஆ: அனுப்புகிறாள். அவன் பார்த்துவிட்டுப் பதில் போடுவதில்லை.

முடிவு இ: புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அவள்...

நேற்று அவளையே போனில் கேட்டேன்.

"படம் எடுத்து வச்சிருக்கேன் சார். அனுப்பல்ல. இப்போ அவன் கோவத்துல பாதி சட்டத்துக்குப் போவுது. இத அனுப்பினா முழுசும் எனக்குத்தான்." பிறகு, "நீங்கன்னா என்ன செய்வீங்க?" என்றாள்.

வாசிப்பவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.