மூன்று மாதம் போய்வந்த கடல்

இந்தோனேசியாவின் சோலோ நகரத்து ஹோட்டல் ஒன்றில் ரெத்னோ பதினோரு வருடமாக அறை சுத்தம் செய்கிறாள். நாளுக்குப் பதினான்கு அறை, பண்டிகைக் காலத்தில் பதினெட்டு. எத்தனையோ ஆயிரம் படுக்கை விரித்தவள், ஹோட்டல் கட்டிலில் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. அதனால் பங்கண்டரான் கடற்கரையில் மூன்று நாள் தங்கலாம் என்று புருஷன் ஹார்ஜோ சொன்ன அன்றிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஹார்ஜோ பஸ் பணிமனையில் மெக்கானிக். பெருநாள் கூட்டம் ஓய்ந்து அவளுக்கு விடுப்பு கிடைக்க இன்னும் மூன்று மாதம் இருந்தது. தினமும் சாயங்காலம் வறுத்த சோயாத் தெம்பேயைத் தின்றுகொண்டே இருவரும் பேச்சிலேயே கடலுக்குப் போனார்கள்.

"இப்ப என்ன பண்ணிட்டிருக்கோம்?" என்பான் அவன்.

"மணி ஒம்பது. நான் இப்பத்தான் எந்திரிச்சு ஜன்னலைத் தொறக்கறேன்."

"நான்?"

"குறட்டை விடறீங்க."

"அங்கயுமா? என்னைக் கொஞ்சம் வெளிய அனுப்புடி. மீன் சுட்டு வாங்கியாரேன்."

போனில் அந்த அறையின் படம் இருந்தது. வெள்ளைப் படுக்கை, அதன்மேல் துண்டில் மடித்த இரண்டு அன்னங்கள். ஊரார் படுக்கைக்கெல்லாம் அன்னம் மடித்து வைக்கிறவள் அவள். தனக்காக யாரோ ஒருத்தி மடித்து வைக்கப்போகிறாள் என்ற நினைப்பிலேயே அவள் கழிவறைகளைத் தேய்த்தாள். கூட வேலை செய்கிறவர்கள் அவளை "வாங்க, சீமாட்டி" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதுவும் இனித்தது.

விடுப்பு வந்ததும் ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் போய் இறங்கி, சாயங்காலம் அறைக் கதவைத் திறந்தார்கள். அன்னங்கள் இருந்தன. ஆனால் ரெத்னோவின் மூக்குக்கு முதலில் எட்டியது வாசனைத் தெளிப்பான். எதை மறைக்க அவ்வளவு அடிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஒரு அன்னத்தைப் பிரித்தாள். ஈரம் காயாத துண்டின் புளித்த வீச்சம், மடிப்புக்குள் யாருடையதோ நீளமான ஒரு முடி.

"வந்ததும் வராததுமா டியூட்டி பாக்காத. படு," என்றான் ஹார்ஜோ.

அவள் விரிப்பின் ஓரத்தைத் தூக்கினாள். மாற்றவில்லை, திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அடிப்பக்கம் மஞ்சளாக ஒரு வட்டம். குளியலறைத் தம்ளரை விளக்குக்கு நேரே பிடித்தாள். உள்ளே துணிநூல். கால் துடைக்கிற துண்டால் துடைத்த தம்ளர் அது. பதினெட்டு அறை விழுந்த நாட்களில் அவளும் அப்படித்தான் துடைத்திருக்கிறாள், அப்படித்தான் விரிப்பைத் திருப்பியிருக்கிறாள். அவற்றில் வாய் கொப்பளித்த, முகம் புதைத்த ஆட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வர, தம்ளரை எட்டி வைத்தாள்.

"காத்தாட நடந்துட்டு வரலாம், வா," என்று அவன் கூட்டிப்போனான். கடல் கலங்கல் காப்பி நிறத்தில் இருந்தது. அலை ஒவ்வொன்றும் நூடுல்ஸ் உறைகளைக் கொண்டுவந்து போட்டது. குழந்தையின் உப்பிப்போன டயப்பர் ஒன்று அவள் கணுக்காலில் வந்து ஒட்டியது. சவாரிக் குதிரைகளின் சாணத்துக்குப் பக்கத்தில் கறுத்த எண்ணெயில் இறால் பொரிந்துகொண்டிருந்தது. அவன் ஆசையாக வாங்கி நீட்டினான். அவள் திரும்பி நடந்தாள்.

வரவேற்பில் புகார் சொன்னதும் அறைக்கு ஈமாஸ் என்ற பணிப்பெண் வந்தாள். ரெத்னோவின் வயதுதான் இருக்கும்.

"இதுக்குப் பேரு சுத்தமா?" என்றாள் ரெத்னோ.

"மன்னிச்சுக்கோங்கம்மா. இன்னிக்கு ரெண்டு பேர் வரல. பத்தொம்பது ரூம்."

"அது என் பிரச்சினை இல்ல."

அது சோலோவில் அவளுடைய சூப்பர்வைசர் சொல்லும் வாக்கியம். பதினோரு வருடமாகத் தலைகுனிந்து கேட்ட குரல், கொஞ்சமும் பிசகாமல் அவள் வாயிலிருந்தே வந்தது. ஈமாஸ் உள்ளே போனாள். மண்டியிட்டு, குளியலறைச் சாக்கடைக் குழிக்குள் வெறுங்கையை விட்டு தலைமுடிச் சுருளை இழுத்து எடுத்தாள். பிளீச்சிங் நீரில் வெந்து விரலிடுக்கெல்லாம் தோலுரிந்த கை. அதே மாதிரி வெந்திருந்த தன் கைகளை ரெத்னோ முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

ஹார்ஜோ அவள் காதருகே வந்தான். "நானும் இதே வேலைதான்னு ஒரு வார்த்த சொல்லேன். அந்தம்மா மூஞ்சியப் பாரு."

அவள் சொல்லவில்லை. விரிப்பு மாற்றி முடிகிற வரைக்கும் விருந்தாளி மாதிரி வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஈமாஸ் போகும்போது குனிந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். அறையின் அசிங்கம் போய்விட்டது. நாக்கில் ஒட்டிய அந்த வாக்கியம் போகவில்லை. அவன் வாங்கி வந்த சுட்ட மீனை ஒரு வாய் தின்றுவிட்டுத் தள்ளி வைத்தாள்.

மறுநாளே கிளம்பிவிட்டார்கள். பஸ் பாதி வழி வந்திருந்தது.

"மூணு மாசமா தெனமும் போயிட்டு வந்தமே," என்றான் ஹார்ஜோ. "அதோட நிறுத்தியிருக்கலாம்."

"ஆமா."

"கடல்ல கால் நனைச்சது மட்டும் நல்லாருந்துச்சுன்னு வச்சுக்குவோம்."

"அதுவும் நல்லால்ல," என்றாள்.

விடுப்பு இன்னும் மீதமிருந்தது. வீட்டில் உட்கார்ந்தால் அந்தப் பெண்ணின் குனிந்த பிடரிதான் கண்ணுக்குள் நின்றது. மறுநாள் காலையிலேயே சீருடை மாட்டிக்கொண்டு ஹோட்டலுக்குப் போய்விட்டாள். சூப்பர்வைசர் ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன, அதுக்குள்ள வந்துட்ட? கடல் எப்படி இருந்துச்சு?"

ரெத்னோ அந்த வாக்கியத்தைச் சொல்கிற அவர் வாயைப் பார்த்தாள். பிறகு, அன்றைக்குத் தனக்கு எத்தனை அறை என்று கேட்டாள்.