தணிக்கைக் கந்தோருக்குப் போன கரைவலை

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது; முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலக யுத்தகாலத் திருகோணமலையைப் பற்றிக் கதை ஏதும் இருக்கிறதா என்று ஒரு சஞ்சிகை ஆசிரியர் கேட்டார். "எழுதி முடித்தாயிற்று, படியெடுப்பதுதான் பாக்கி" என்றேன். அப்போது என்னிடம் ஒரு வரிகூட இல்லை. [பொய் சொல்வது என் தொழில்தான். வழக்கமாகக் காகிதத்தில் சொல்வேன்.]

முதல் தொடக்கம்: "1944ஆம் ஆண்டு, போர்க்கப்பல்கள் நிறைந்த துறைமுகத்தின் மேல் சூரியன்..." வேண்டாம். கப்பலும் சூரியனும் எல்லோரிடமும் இருக்கின்றன.

இரண்டாவது: "இரத்தினேஸ்வரிக்குக் கை நடுங்கியது." இது பரவாயில்லை. நடுங்கட்டும், ஏன் என்று சொல்கிறேன்.

2

இரத்தினேஸ்வரி, நிலாவெளியில் சொந்தமாகக் கரைவலை வைத்து ஆட்களை இழுக்கவிட்டுத் தொழில் நடத்திய சம்மாட்டி யோகலிங்கத்தின் மகள். கொழும்பில் பட்டம் பெற்று வந்து, நகரத்தில் பெண்பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தாள். (சம்மாட்டி மகள் அந்தக் காலத்தில் பட்டதாரியா என்று புருவத்தை உயர்த்துகிறீர்கள். கதைக்கு ஒருத்தி போதும்.) இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகம் ஓவியத்தில் பட்டமேற்படிப்புக்கு எட்டுப் பேரை எடுக்கவிருந்தது. அதன் பெயரை நான் வைக்கவில்லை. வைத்தால் யாராவது பழைய பதிவேட்டைப் புரட்டப் போய்விடுவார்கள்.

விண்ணப்பத்தோடு பன்னிரண்டு தாள்கள் கேட்டிருந்தார்கள். சொந்த ஊர்த் தொழில் ஒன்றை, ஒரு சொல்லும் எழுதாமல், படங்களால் மட்டுமே விளக்க வேண்டும். மாத முடிவுக்குள் போய்ச் சேர வேண்டும். பதினொன்று போனால் பிரித்தே பார்க்கமாட்டார்கள்.

அவள் கரைவலையை வரைந்தாள். முதல் தாளில், மேலே பறக்கும் பறவைக்குத் தெரிவதுபோல், கடலில் அரைவட்டமாக வலை, அதன்மேல் வரிசையாக மிதப்புகள். நல்ல படம். அதுதான் வினையாயிற்று.

3

துறைமுக வாயிலில் நீர்மூழ்கிக் கப்பல் நுழையாதபடி இரும்பு வலை போட்டிருந்தார்கள். அதன்மேலும் அதேபோல் வரிசையாக மிதப்புகள். ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறப்பதில்லை. துறைமுகத்தைப் படம் வரைந்தால் பிடித்து மறியலில் அடைத்துவிடுவார்கள். வெளிநாட்டுத் தபாலைப் பிரித்துப் பார்க்கும் தணிக்கைக் கந்தோர் ஓர்ஸ் ஹில்லில் இருந்தது. [கதைக்காக நான் அங்கே வைத்தேன்.] அங்கிருந்த வெள்ளைக்கார அதிகாரி அவளுடைய உறையைப் பிரித்தார், முதல் தாளைப் பார்த்தார், ஆள் அனுப்பி அவளைக் கூப்பிட்டார்.

அங்கே கிளாக்கர் சோமசேகரமும் இருந்தார். முதற்படியில் இவரை வில்லனாக்கி, மீசைகூட வைத்திருந்தேன். வெளியே உலக யுத்தம் நடக்கும்போது இன்னொரு வில்லன் எதற்கு? மீசையை எடுத்துவிட்டேன்.

"ரீச்சர், உந்தப் படத்தை ஏன் மேலையிருந்து கீறினனீங்கள்?" என்று அவர் மெல்லக் கேட்டார். "துரை இதைத் துறைமுகத்து வலை எண்டு நினைக்கிறார்."

"ஐயோ, இது அப்பாவின்ரை வலை!"

"எனக்கு மீனைக் கறியிலைதான் தெரியும். நான் என்னெண்டு அவருக்கு விளங்கப்படுத்துறது?"

மிதப்புகளை எண்ணிக் கொடுத்தது யார் என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். கொழும்பில் படித்த ஆங்கிலம் அத்தனையும் அந்த நேரம் பார்த்து அவளை விட்டு ஓடிப்போயிற்று. (எனக்கும் நடந்திருக்கிறது.)

"கதைக்க ஏலாது," என்றாள் சோமசேகரத்திடம். "ஒரு கடதாசி தாங்கோ. கீறிக் காட்டுறன்."

பென்சிலைப் பிடித்ததும் கை நடுக்கம் நின்றது. கரையில் இரண்டு வரிசை ஆட்களை வரைந்தாள். வலையின் ஒரு கயிறு ஒரு வரிசையிடம், மற்றக் கயிறு மற்ற வரிசையிடம். குதிகால் மணலில் புதைய, முதுகைச் சாய்த்து இழுக்கிறார்கள். அதிகாரி கதிரையை விட்டு எழுந்து வந்து குனிந்து பார்த்தார். இரும்பு வலையை யாரும் கரைக்கு இழுப்பதில்லை என்பது அவருக்கு விளங்கிவிட்டது. இடது வரிசையில் ஓர் இடைவெளியைத் தொட்டு, இங்கே ஓர் ஆள் குறைகிறதே என்றார்.

இரத்தினேஸ்வரி அவரை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவரையே அங்கே வரைந்தாள். தலையில் தொப்பி, முழங்கால்வரை மடித்த காற்சட்டை, கயிற்றோடு மல்லுக்கட்டும் முகம்.

"அதிகாரி மேசையில் ஓங்கி அடித்து..." இல்லை. சிரித்தார். வாய்விட்டே சிரித்தார்.

பதினொரு தாள்களுக்கு முத்திரை குத்தினார். முதல் தாளை மட்டும் இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். கரையை மேலிருந்து காட்டும் படம் எதுவும் வெளியே போகக்கூடாது, விதி அப்படி. சோமசேகரம் தலையைக் குனிந்துகொண்டார். பதினொன்று என்றால் ஒன்றுமேயில்லை.

அவள் அப்போதுதான் வரைந்த தாளின் மூலையில் 12 என்று எழுதி, மேசையில் முன்னே தள்ளினாள்.

"அப்ப இதுக்குக் குத்துங்கோ."

யாரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. அதிகாரி படத்திலிருந்த தன் முகத்தில் முத்திரை படாமல் ஓரமாகப் பார்த்துக் குத்தினார்.

4

முடிவுகள் மூன்று எழுதினேன்.

ஆசிரியருக்குப் பிடித்திருக்கக் கூடியது: அதிகாரிக்கும் அவளுக்கும் காதல். இரத்தினேஸ்வரி சம்மதிக்கவில்லை.

விமர்சகருக்குப் பிடித்திருக்கக் கூடியது: தபால் கொண்டுபோன கப்பல் மூழ்கியது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. கிழித்துப் போட்டேன். அந்த யுத்தத்தில் மூழ்கியவை போதாதா?

மூன்றாவது இது. பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. பதினொரு தாள்களும் திறமையானவை, பன்னிரண்டாவதற்காகவே இடம் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். அவள் பாடசாலையில் லீவு சொல்லிவிட்டு நிலாவெளிக்குப் போய், செருப்பைக் கையில் பிடித்தபடி மணலில் ஓடினாள். கரையில் நாற்பது பேர் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா! இடம் கிடைச்சிட்டுது!"

யோகலிங்கம் கயிற்றை விடவில்லை. "எந்தப் படத்துக்காம் தந்தவை?"

"துரையை வலை இழுக்கவிட்ட படத்துக்கு!"

நாற்பது பேரும் சிரித்த சிரிப்பில் கயிறு கைநழுவி, வந்த வலை கொஞ்சம் பின்னுக்குப் போயிற்று. யோகலிங்கம் அழுதார். அழுவதை மறைக்கவும் இல்லை.

"என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறியள்? என்ரை பிள்ளை படிக்கப் போறாள், இழுங்கோடா!"

இரத்தினேஸ்வரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடிதத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அலைக்குள் இறங்கி நின்றாள்.

5

இனி உங்கள் பாடு. யுத்தக் கதை என்றால் சோகமாகத்தான் முடியவேண்டும் என்று நினைப்பவர்கள் தாராளமாக மாற்றி எழுதிக்கொள்ளலாம். ஆனால் கடிதம் அவள் கையில் இருக்கிறது. அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. வேண்டுமென்றால் நீங்களே போய்ப் பிடுங்கிப் பாருங்கள். கரையில் நாற்பது பேர் நிற்கிறார்கள்.