மணப்பெண்ணின் ஆட்சேபணை

ஜெர்வேஸ் ஹாலட் கல்யாணம் ஆகாதவன். ஆனாலும் நல்ல மனைவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பாட்டு எழுதினான். லண்டன் தெருக்களில் அதைப் பாடி, அச்சடித்த தாளை விற்றவள் நான்தான். விதவை வேண்டாம், செம்பட்டை முடி வேண்டாம், படித்தவள் வேண்டாம், வாயாடி வேண்டவே வேண்டாம். ஆண்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். எங்கள் பாதிரியார் அதை மனப்பாடமே செய்து, அதன்படி தேடிப்பிடித்து ப்ரூடென்ஸ் என்கிற பெண்ணைக் கட்டிக்கொண்டார். அந்த அம்மாள் வாய் திறந்து பேசி நாங்கள் கேட்டதில்லை.

பாட்டு எழுதிய மகானுக்கு வந்த காதலைப் பாருங்கள். தாமசின், பீர்க்கடை நடத்தும் விதவை. செம்பட்டைத் தலை. கடைப் பலகையைத் தானே எழுதுவாள். கோயில் மணி ஓய்ந்தாலும் அவள் வாய் ஓயாது. அவள் கிடைக்காவிட்டால் தேம்ஸில் விழுவேன் என்று என்னிடம் வந்து அழுதான். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அவளும் சம்மதித்தாள். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, யாரும் ஆட்சேபிக்காவிட்டால் கல்யாணம். ஆனால் மூன்றாம் ஞாயிற்றுக்கு முதல் நாள், குடிகாரன் ஒருவன் அவள் கடையிலேயே அந்தப் பாட்டைப் பாடி, எழுதியவன் பெயரையும் சொல்லித் தொலைத்தான்.

மறுநாள் பாதிரியார், “இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டா?” என்று கேட்டார். எழுந்தது மணப்பெண்.

“எனக்கு இருக்கு சாமி. விதவை ஆகாது, செம்பட்டை ஆகாதுன்னு ஊர் பூரா பாட விட்டிருக்கார் இந்த மனுஷன். யோவ், பொய் சொன்னது பாட்டுலயா, எங்கிட்டயா? எல்லார் முன்னாலயும் சொல்லு!”

ஜெர்வேஸ் துள்ளி எழுந்தான்.

“பாட்டுலதான் தாமசின்! அதை எழுதறப்போ எங்கம்மாவைத் தவிர ஒரு பொம்பளைகிட்டயும் நான் பேசினதில்ல!”

“பொய்யா?” பாதிரியார் அலறினார். “அடப்பாவி, அதை நம்பித்தானேடா நான்...” சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

முன் வரிசையில் ப்ரூடென்ஸ் எழுந்தாள்.

“அதை நம்பித்தான் என்னைக் கட்டினீங்களா? பேசினா உங்களுக்குப் பிடிக்காதுன்னு எங்கப்பா சொன்னார். அன்னையிலேருந்து வாயை மூடிட்டிருக்கேன்.” தாமசின் பக்கம் திரும்பினாள். “நீ இவனைக் கட்டிக்கோடி. காலம் பூரா பேசு. அதான் இவனுக்குத் தண்டனை.”

தாமசின் ஜெர்வேஸைப் பார்த்தாள். அவன் அழுதுகொண்டே தலையாட்டினான்.

“ஆட்சேபணை இல்ல சாமி,” என்று உட்கார்ந்தாள்.

“பிரசங்கத்தை முடிச்சிட்டு வீட்டுக்கு வாங்க,” என்றாள் ப்ரூடென்ஸ் கணவரிடம். “எனக்கு நிறையப் பேச்சு பாக்கி இருக்கு.”

அன்று பாதிரியார் பிரசங்கத்தை முடிக்கவே இல்லை. பசி தாங்காமல் நாங்கள்தான் எழுந்து வந்தோம்.