கோல்மன் வீட்டுச் சமாதான மணிகள்

"சூளையை விட்டுட்டு வர முடியலன்னு மறுபடி ஆரம்பிக்காத, கோல்மன். அது தானா அணையற சூளை. சூட்டைப் பாத்துக்கத்தான் அதுல கன்ட்ரோல் பெட்டி இருக்கு. உனக்கும் தெரியும். அப்புறம் எதுக்காக அன்னிக்கு நீ—"

டிங்.

கோல்மன் கையிலிருந்த மணியை சன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"நல்ல குரல் இதுக்கு," என்றான்.

"நான் பேசிட்டிருந்தேன்."

"மணி அடிச்சாச்சு, டெர்வ்லா."

அடித்தாகிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு அடுத்த அச்சில் பீங்கான் குழம்பை ஊற்றினேன்.

நாங்கள் பரிசுப்பொருள் செய்கிறவர்கள். கூடைகள், சிலுவைகள், கிரீடம் வைத்த இதயத்தை இரு கைகள் ஏந்தியிருக்கும் படம் போட்ட தட்டுகள் எல்லாம் எங்கள் கடையில் உண்டு. ஆனால் பிழைப்பு நடப்பது மணிகளால். அயர்லாந்தில் கல்யாணப் பெண்ணுக்கு யாராவது ஒருவர் ஒரு சமாதான மணி கொடுத்துவிடுவார்கள். அது கணப்புக்கு மேலிருக்கும் மாடத்தில் நிற்கும். வீட்டில் சண்டை முற்றினால் இருவரில் ஒருவர் போய் அதை அடிக்கலாம். காதில் விழுந்த நொடியில் சண்டை முடிந்தது. ஜெயித்தது யார் என்ற கேள்வி கிடையாது.

மணியின் உடம்பு என் வேலை. குழம்பை அச்சில் ஊற்றி, சற்றுப் பொறுத்து மிச்சத்தைக் கவிழ்த்தால், முட்டை ஓடு போல ஒரு கிண்ணம் அச்சோடு ஒட்டி நிற்கும். அதன் தோளில் எங்கள் நாட்டுச் சின்னமான மூவிலையை ஒட்டுவது கோல்மன் வேலை. பட்டாணி அளவு மண்ணை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் ஒரே அழுத்து. இலை விரிந்துவிடும். அதன் முதுகில் அவன் கைரேகை பதிந்திருக்கும். ஒரு இலை அன்பு, ஒன்று நம்பிக்கை, இன்னொன்று விசுவாசம் என்று பெட்டிக்குள் வைக்கும் சீட்டில் அச்சடித்திருக்கிறோம். எது எந்த இலை என்று எங்களுக்கே தெரியாது.

சுட்டு எடுத்த பிறகு நாக்கு கட்டி ஒவ்வொன்றையும் அடித்துப் பார்க்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் காதுக்குத் தெரிந்துவிடும். நல்ல மணி பாடும். விரிசல் விட்டது இருமும். ஆகவே எங்கள் பட்டறையில் காலை முதல் மாலை வரை யாராவது மணி அடித்துக்கொண்டேயிருப்போம். முன்பக்கக் கடையில் வாங்க வருகிறவர்களும் அடித்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள். கல்யாணமான நாளிலிருந்து நானும் கோல்மனும் ஒரு சண்டையைக்கூட முடித்ததில்லை.

கால்வே நகரத்திலிருந்து பேருந்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும் வழிகாட்டி எங்களைத்தான் முதலில் காட்டுவாள். "இவங்க ரெண்டு பேரும் இதுவரைக்கும் சண்டையே போட்டதில்ல!" அமெரிக்கர்கள் கண் கலங்கிப் படம் எடுப்பார்கள். ஒரு அம்மாள் என் கையைத் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

சென்ற வருடம் என் அம்மா இறந்தாள். எங்கள் பக்கத்தில் சாவுக்கு வராமல் இருக்க நீங்களே செத்திருக்கவேண்டும். வேலித் தகராறில் அம்மாவோடு வாழ்நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்த பீடர் வந்து சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தார். எப்போதோ அம்மாவிடம் பழைய இஸ்திரிப் பெட்டி வாங்கிய ஒருவன், அது இன்னும் வேலை செய்கிறது என்று சொல்லி அழுதுவிட்டுப் போனான். யாருடைய நாய் என்றே தெரியாத ஒரு நாய் கல்லறை வரை வந்தது. கோல்மன் வரவில்லை. சூளையில் மணி இருக்கிறது என்று சொல்லி அனுப்பினான்.

ஏன் வரவில்லை? இதுதான் என் கேள்வி. அதைக் கேட்டு முடிக்க எனக்கு ஒரு பத்து நிமிடம் மணி ஓசை இல்லாத இடம் வேண்டியிருந்தது. எங்கள் ஊரான பாலிகாராவில் அப்படியொரு இடம் இல்லை.

ஏனென்றால் ஊரில் நடந்த எல்லாக் கல்யாணத்துக்கும் நாங்கள்தான் மணி கொடுத்திருக்கிறோம். எந்த வீட்டு மணியானாலும் காதில் விழுந்தவர்கள் எல்லோரும் சண்டையை நிறுத்தவேண்டும் என்று நாளடைவில் வழக்கமாகிவிட்டது. சாக்கடைக் குழாய் எந்தத் தெரு வழியாகப் போவது என்ற கூட்டத்தில் யாரோ மணி அடித்தார்கள். குழாய் இன்னும் வயலில் கிடக்கிறது. கால்பந்து நடுவர் விசிலை விட்டுவிட்டு மணி வைத்துக்கொண்ட பிறகு எங்கள் அணி தோற்பதும் இல்லை, ஜெயிப்பதும் இல்லை. கறிக்கடைக்காரர் மனைவி, "நீ மட்டும் அன்னிக்கு" என்று தொடங்கிய ஒரு வாக்கியத்தை மகன் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து வாயில் வைத்திருக்கிறாள். மகன் இப்போது துபாயில் பல் மருத்துவன்.

முதலில் காரில் முயன்றேன். கோல்மன் ஓட்டினான். பின்னால் டெலிவரிப் பெட்டிகள்.

"என் அம்மாவப் பொதைச்ச அன்னிக்கு—" என்று தொடங்கினேன். சாலையில் ஒரு பள்ளம். பெட்டிகளுக்குள் அத்தனை மணிகளும் சேர்ந்து ஒலித்தன. அந்தச் சத்தத்தின் சமாதானம் இரண்டு நாள் நீடித்தது. நாங்கள் கைகோத்துக்கொண்டு சந்தைக்குப் போய்வந்தோம். எனக்கு எரிச்சலாக இருந்தது.

பிறகு ஒரு மாலை கடையிலிருந்த எல்லா மணிகளின் நாக்கையும் நூலால் கட்டினேன். கதவைச் சாத்தினேன். கோல்மன் மேசைமேல் கட்டிப்போட்ட மணிகளைப் பார்த்தான்.

"என்னடி இது, எல்லாத்துக்கும் பல்வலியா?"

"உக்காரு. இன்னிக்கு முடிக்கப்போறேன்."

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காத! நீ—"

என் குரல் உயர்ந்திருக்கவேண்டும். பக்கத்து வீட்டு மிசஸ் ஹெரட்டி தன் மணியோடு சன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டினாள். டிங். அவளைக் கேட்டு எதிர்வீடு. டிங். பிறகு தெரு முழுக்க. கடைசியில் பாதிரியார் லோகன் செருப்பில்லாமல் ஓடிவந்து, பூசைக்கு வைத்திருக்கும் மணியை எங்கள் கதவருகே அடித்துவிட்டு, மூச்சு வாங்க நின்றார்.

"கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சு ஃபாதர்."

"அப்ப சரி. சூப் அடுப்புல இருக்கு." ஓடிவிட்டார்.

மறுநாள் மிசஸ் ஹெரட்டி ஆப்பிள் பணியாரத்தோடு வந்தாள். "பொண்ணே, நீங்க ரெண்டு பேர் சண்டை போட்டுக்கிட்டா நாங்கல்லாம் யாரப் பாத்து வாழறது? எங்க வீட்டுக்காரர நான் இன்னும் கொல்லாம வச்சிருக்கேன்னா அது உங்கள நெனச்சுத்தான்."

"எனக்கு ஒரே ஒரு கேள்வி இருக்கு, மிசஸ் ஹெரட்டி."

"யாருக்குத்தான் இல்ல? பணியாரத்தைச் சூடா சாப்பிடு."

மே மாதம் வந்தது. கரைக்கு எதிரே ஒரு மணல்தீவு உண்டு. தினமும் கடல் வற்றும் நேரத்தில் நடந்தே போகலாம். தண்ணீர் மறுபடி ஏறிவிட்டால் ஆறு மணி நேரம் அங்கேயே நிற்கவேண்டியதுதான். வீடு கிடையாது, மாடம் கிடையாது, அங்கே மேயும் ஆடுகளின் கழுத்தில்கூட மணி கிடையாது. தீவின் மேட்டில் கடற்பூக்கள் ரோஸ் நிறத்தில் பூத்திருந்தன.

"புது மணிக்கு மூவிலை வேணாம். இந்தப் பூ வைக்கலாமே," என்றேன். கோல்மனை எங்கும் அழைத்துப் போகலாம், அங்கே ஒரு பூ இருந்தால் போதும். வந்தான். மண்டியிட்டு ஒவ்வொரு இதழாக எண்ணத் தொடங்கினான். சட்டைப்பையிலிருந்து ஈரத்துணியில் சுற்றிய மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்தான். நான் அவனுக்குப் பின்னால் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் நடந்துவந்த தடங்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரால் நிறைந்தன.

அவன் நிமிர்ந்தபோது கரைக்குத் திரும்பும் வழியில் தண்ணீர் இடுப்பளவு இருந்தது.

"தண்ணி வருது, டெர்வ்லா."

"வந்தாச்சு."

அவன் என்னைப் பார்த்தான். மெல்லப் புரிந்தது. கையிலிருந்த மண் இதழ் நசுங்கியது.

"நீ வேணும்னே கூட்டிட்டு வந்தியா?"

"ஆமா. என் அம்மாவப் பொதைச்ச அன்னிக்கு நீ வரல. பீடர் வந்தார். நாய் வந்துச்சு. எல்லாரும் என் கையைக் குலுக்கி, 'கோல்மன் எங்க'ன்னு கேட்டாங்க. சூளையப் பாத்துக்கறான்னு சொன்னேன். தானா அணையற சூளைய!"

சொல்லி முடித்துவிட்டு நானே திகைத்து நின்றேன். இந்த வாக்கியத்தின் பின்பாதியை நான் இதுவரை கேட்டதே இல்லை. கத்தலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். சாதாரணமாகத்தான் இருந்தது.

கரையில் அதற்குள் ஆள் சேர்ந்துவிட்டது. கையை ஆட்டிப் பேசுகிற ஒரு பெண்ணையும் தலைகுனிந்து நிற்கிற ஒரு ஆணையும் எத்தனை தூரத்திலிருந்தும் அடையாளம் கண்டுவிடலாம். மிசஸ் ஹெரட்டியின் மஞ்சள் கோட்டு. பாதிரியாரின் கறுப்பு. கறிக்கடைக்காரர், அவர் மனைவி, கால்பந்து நடுவர். பேருந்து வேறு வந்து நின்று அமெரிக்கர்கள் இறங்கினார்கள். எல்லோர் கையிலும் வெள்ளையாக ஒன்று இருந்தது. எல்லாக் கைகளும் ஆடின.

காற்று கடலிலிருந்து கரைக்கு வீசிக்கொண்டிருந்தது. எங்கள் முதுகில் மோதி, தாண்டி, அவர்கள் சத்தத்தை எல்லாம் வாரிக்கொண்டு மலைப்பக்கம் போனது. எங்களுக்கு ஒரு ஓசையும் வரவில்லை.

"அடிக்கறாங்க," என்றான் கோல்மன்.

"கேக்குதா?"

அவன் காதின் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டு முயன்றான். பொய் சொல்லத் தெரியாதவன்.

"கேக்கல. ஆனா கை ஆடுது பாரு. பாதிரியார் ரெண்டு கையாலயும் ஆட்டறாரு. பாத்தாலும் சேத்திதான்னு வச்சுக்கலாமே?"

"காதுல விழணும். சீட்டுல அப்படித்தான் போட்டிருக்கு. எழுதினது நீ."

"நான் வேற மாதிரி எழுதியிருக்கணும்."

"கோல்மன்."

"அன்னிக்குச் சூளையில ஒரு மணிகூட இருமல, டெர்வ்லா. அவ்வளவு நல்லா நான் சுட்டு எடுத்ததே இல்ல."

"தெரியும். நான்தான் பெட்டில அடுக்கினேன்."

அவன் மண்ணில் உட்கார்ந்தான். கரையில் யாரோ ஒரு பையனைத் தோளில் தூக்கி, அவன் கையில் பெரிய மணியொன்றைக் கொடுத்திருந்தார்கள். அமெரிக்க அம்மாள் ஒருத்தி நெற்றியில் கை வைத்து அழுதுகொண்டிருந்தாள். கோல்மன் அவர்களையே பார்த்தான், ஒரு துளி சத்தமாவது தப்பி வந்துவிடாதா என்று. நான் அவன் முன்னால், கரையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அங்க பாக்காத. என்னைப் பாரு. ஏன் வரலன்னு சொல்லு, கோல்மன். நல்ல காரணமா இருக்கணும்னு இல்ல. முழுசா சொல்லு, போதும்."